அணித் தேர்வில் அடம், வியூகத்தில் துணிச்சல்: இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய ரஹீம் யார்?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சாக இருந்தாலும் சரி, வடசென்னையின் தெருமுனையாக இருந்தாலும் சரி, நாலு கால்பந்துப் பிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்திய அணிக்கு யாரை எடுக்கணும், யாரை எடுத்திருக்கவே கூடாது, முன்களத்தில் எத்தனை பேர், பயிற்சியாளர் உள்ளூர்க்காரரா வெளிநாட்டுக்காரரா? கடைசியில் ஒரு பெருமூச்சு. நம்ம அணி எப்போதான் உருப்படும்?

அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணிலேயே தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் காலித் ஜமில் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முழுநேரப் பொறுப்பு அது.

இந்த விவாதம் சூடு பிடிக்கும்போதெல்லாம் பெரியவர்கள் ஒரு பெயரை இழுப்பார்கள்: சையத் அப்துல் ரஹீம். 2024இல் அஜய் தேவ்கன் நடித்து வந்த ‘மைதான்’ இந்திப் படத்தால் இளைய தலைமுறைக்கும் இந்தப் பெயர் ஓரளவு தெரியும். ஆனால் சினிமாவைத் தாண்டி, அந்த மனிதர் என்ன செய்தார்? அவர் எடுத்த முடிவுகள் அன்று ஏன் சர்ச்சையாயின? அவர் போன பிறகு என்ன ஆச்சு?

வாத்தியார் வேலை, பந்து மேல் ஆசை

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். நிஜாம் ஆட்சிக்காலம் அது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்தார். மாணவராக இருந்தபோதே நல்ல ஆட்டக்காரர். ஆனால் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்தது ஆசிரியர் வேலை. ஹைதராபாத்தின் பள்ளிகளில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியில் பட்டயமும் வாங்கினார்.

இந்த வாத்தியார் குணம் கடைசி வரை அவரை விட்டுப் போகவே இல்லை. ஆட்டக்காரர்களை அவர் பார்த்தது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரிதான். யாருக்கு எது வரும், எது வராது, எதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆட்டக்காரர்கள் அவரை ரஹீம் சாப் என்றே அழைத்தார்கள்.

1943இல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். செயலாளர் என்றால் கையெழுத்துப் போடுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் நடத்திய போட்டிகளே வித்தியாசமானவை. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஆட்களை ஏமாற்றி ஓடும் டிரிபிளிங்குக்கு இடமில்லாத போட்டி, பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டி என்றெல்லாம் நடத்தினார்.

ஏன் இப்படி? அன்றைய இந்திய ரசிகர்கள் டிரிபிளிங்கைத்தான் கைதட்டி ரசித்தார்கள். ஒருத்தர் மூணு பேரைத் தாண்டிப் போனால் மைதானமே எழுந்து நிற்கும். ரஹீமுக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தர் ஓடுவதைவிடப் பந்து வேகமாக ஓடும் என்பது அவர் கட்சி. பந்து வந்ததும் ஒரே தட்டில் அடுத்தவருக்குப் போகணும், கொடுத்தவர் உடனே காலி இடத்துக்கு ஓடணும். இதைச் சின்ன வயதிலேயே பழக்கினால்தான் வரும் என்று நம்பினார்.

போலீஸ் அணி, ஐந்து கோப்பை

1950இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சி அவர் கைக்கு வந்தது. அதுவரை இந்தியக் கால்பந்து என்றாலே கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கு முன்னால் மற்ற ஊர் அணிகள் எல்லாம் விருந்தாளிகள் மாதிரி. வந்து, ஆடி, தோற்றுப் போவார்கள்.

அந்தக் கணக்கைப் போலீஸ் அணி மாற்றியது. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை தட்டிச் சென்றது. டூரண்ட் கோப்பையின் இறுதியில் மோகன் பகானை வீழ்த்தியது. போலீஸ் உத்தியோகத்தில் இருந்த சாதாரணப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி ஆசிரியர் இதைச் செய்தார் என்பதுதான் கல்கத்தாவைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தேசிய அணியின் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது.

முதல் தங்கம், உடனே ஒரு அடி

1951 மார்ச். டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. சைலன் மன்னா தலைமையில் இந்திய அணி இறங்கியது. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி, இறுதியில் ஈரானை 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் சாகு மேவாலால். பிரதமர் நேரு நேரில் பார்த்த ஆட்டம் அது. இந்தியாவுக்குத் தங்கம்.

சந்தோஷம் அடுத்த ஆண்டே அடங்கிப்போனது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா தோற்றது. இந்திய அணியில் பலரும் வெறுங்காலோடு ஆடினார்கள். நம் ஊர்ப் புழுதி மண்ணில் அது பிரச்சினையே இல்லை. ஜவ்வாது மலையின் சரிவில் இன்றும் பிள்ளைகள் அப்படி உதைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பின்லாந்தின் குளிரிலும் ஈரப் புல்லிலும், பூட்ஸ் போட்ட உயரமான எதிரிகள் முன்னால் வெறுங்கால் என்ன செய்யும்?

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டுப் போட்டிகள் அப்போது 90 நிமிடத்தைவிடக் குறைவான நேரமே நடந்தன. முழு 90 நிமிடம் ஓடிப் பழகாத கால்கள் வெளிநாட்டில் போய்த் தளர்ந்துபோயின. அதோடு, பின்களத்தில் இரண்டே பேரை நிறுத்தும் பழைய 2-3-5 முறையை இந்தியா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. உலகமோ எப்போதோ மூன்றாவது ஆளைப் பின்னால் கொண்டுவந்துவிட்டது.

இந்தத் தோல்விக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் ஆனது. ரஹீமும் தன் பாடத்தைக் கற்றுக்கொண்டார். திறமை இருந்தால் மட்டும் போதாது, உடம்பும் வியூகமும் உலகத்தோடு ஒத்துப்போகணும் என்பதே அந்தப் பாடம்.

மெல்போர்ன்: நான்காம் இடம் எப்படி வந்தது?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் எதிரி ஹங்கேரி. அந்த அணி வராததால் இந்தியா ஆடாமலே காலிறுதிக்குப் போனது. சும்மா கிடைத்த இடம் என்று யாராவது நினைத்திருந்தால், அடுத்த ஆட்டத்தில் பதில் கிடைத்தது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று இந்தியா வீழ்த்தியது. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான்.

அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. இந்த முறை 4-1. தோல்விதான், ஆனால் நான்கு வருஷத்துக்கு முன் வாங்கிய பத்தோடு ஒப்பிட்டால் தூரம் புரியும். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று இந்தியா நான்காம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா தொட்ட உச்சம் இன்றுவரை அதுதான்.

இதற்குப் பின்னால் இருந்தது வியூக மாற்றம். 1950களின் தொடக்கத்தில் ஹங்கேரி அணி, நடு முன்கள வீரரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஆடவைத்து ஐரோப்பாவையே குழப்பியது. அவரைப் பிடிக்க எதிரணி டிஃபென்டர் முன்னால் வந்தால் பின்னால் ஓட்டை விழும், வராவிட்டால் அவர் நிதானமாகப் பந்தைப் பிரித்துக் கொடுப்பார். ரஹீம் அந்த யுக்தியை இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பயன்படுத்தினார்.

பின்னர் 4-2-4 முறைக்கும் போனார். 1958 உலகக் கோப்பையை பிரேசில் வென்ற பிறகு உலகம் முழுக்கப் பிரபலமான முறை அது. பிரேசிலுக்கு முன்பே ரஹீம் அதைத் தொட்டுவிட்டார் என்று ஹைதராபாத்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. யார் முந்தி என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். தொலைக்காட்சி இல்லாத காலத்தில், ஒரு பள்ளி ஆசிரியர் உலகத்தின் போக்கோடு கூடவே நடந்தார் என்பதே பெரிய விஷயம்.

யாரை எடுப்பது? அன்றும் இதே சண்டைதான்

அணித் தேர்வு ரஹீமுக்குப் பட்டுப்பாதையாக இருந்ததில்லை. கல்கத்தாவில் கிளப்புகள் பலம், பத்திரிகைகள் பலம், ரசிகர்கள் பலம். ஹைதராபாத் ஆட்டக்காரர்கள் அணியில் கூடினால், சொந்த ஊர்க்காரர்களைத் திணிக்கிறார் என்ற முணுமுணுப்பு வரும். கல்கத்தா ஆட்கள் கூடினால் ஹைதராபாத்தில் முகம் சுளிப்பார்கள். இன்றைய ரசிகர்கள் கிளப் பெயரை வைத்துப் போடுகிற சண்டைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் தேர்ந்தெடுத்த ஆட்களைப் பார்த்தால் அவர் கணக்கு புரியும். பி.கே. பானர்ஜி கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகள் எதிலும் ஆடாதவர். கிழக்கு ரயில்வே அணிக்காரர். அவர்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் கேப்டன். சூனி கோஸ்வாமி மோகன் பகானின் செல்லப்பிள்ளை. பந்து அவர் காலில் ஒட்டிக்கொள்ளும். டிரிபிளிங்கை விரும்பாத ரஹீம், அந்த டிரிபிளிங்காரரைத்தான் முன்களத்தில் வைத்துப் பயன்படுத்தினார். கொள்கை வேறு, ஆளுக்குள் இருக்கும் திறமை வேறு என்று தெரிந்தவர்.

துளசிதாஸ் பலராம் கதை இன்னும் சுவையானது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் வறுமையில் வளர்ந்த பையன். பயிற்சிக்கு வர தூரம் அதிகம், கையில் காசில்லை. சைக்கிள் வாடகைக்கான காசை ரஹீமே கொடுத்து வரவழைத்தார் என்று பலராமின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பி.கே., சூனி, பலராம் மூவரும் சேர்ந்த முன்களம்தான் பிறகு ஆசியாவையே மிரட்டியது.

தமிழர்களுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்து பெரிய கோல்கீப்பராக வளர்ந்தவர். அந்த ராணுவ அணி 1955, 1958 ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ், பிறகு 1973இல் கேரளா முதல்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர். 1962 அணியில் அருமைநாயகம், எத்திராஜ் என்ற பெயர்களும் இருந்தன.

ரோமில் இந்தியா ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றது, பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது, பெருவிடம் 3-1 என்று தோற்றது. முதல் சுற்றோடு வெளியேறினாலும், வலுவான அணிகளோடு மல்லுக்கு நின்ற தொடர் அது. அந்த அணியில் ரஹீமின் மகன் எஸ்.ஏ. ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. மகன் என்பதால் ஆடவைத்தார் என்ற பேச்சுக்கு அவர் இடமே வைக்கவில்லை. ஹக்கீம் பின்னாளில் சர்வதேச நடுவராக உயர்ந்தார்.

ஜகார்த்தா 1962: மூன்று முடிவுகள்

ரஹீமின் வாழ்க்கையில் பெரிய சோதனை 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் பின்களத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. ஆறு தையல் போட வேண்டியதாயிற்று.

முதல் முடிவு: ஜர்னைலை என்ன செய்வது? ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வசதி அன்று இல்லை. தையலோடு பின்களத்தில் நிறுத்தினால், ஒரு மோதல் போதும், அணி பத்துப் பேராகிவிடும். வெளியே உட்காரவைத்தால் அணியின் வலுவே பாதியாகிவிடும். ரஹீம் யாரும் எதிர்பாராததைச் செய்தார். டிஃபென்டரான அவரை நடு முன்கள ஆட்டக்காரராக இறக்கினார். ஜர்னைல் இளவயதில் அந்த இடத்தில் ஆடியிருக்கிறார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது என்பார்கள். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இரண்டாவது முடிவு: கோல்கீப்பர் யார்? அரையிறுதியில் நின்றவர் பிரத்யுத் பர்மன். பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தவர். இறுதியில் மீண்டும் தென்கொரியா. உயரப் பந்துகளைச் சமாளிக்க நெட்டையான தங்கராஜே சரி என்று ரஹீம் தீர்மானித்தார். வென்ற அணியைக் கலைக்கக் கூடாது என்ற பழைய விதியை அவர் மதிக்கவில்லை. தோற்றிருந்தால் இந்த ஒரு முடிவுக்காகவே அவரைக் காலம் முழுக்கத் திட்டியிருப்பார்கள்.

மூன்றாவது, மைதானத்துக்கு வெளியே. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடம் கொடுக்காததை, சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இருந்த இந்தியரான ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் ஜகார்த்தாவில் இந்தியர்கள் மேல் கோபம் கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அந்தச் சூழலில் பயந்துபோன பிள்ளைகளை ஆட்டத்தில் மட்டும் கவனம் வைக்கப் பழக்குவது பயிற்சியாளர் தலையில் விழுந்தது. ரஹீமோ அப்போதே உடல்நலம் குன்றியிருந்தார். இறுதி ஆட்டத்துக்கு முன் அவர் பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்று ஆடியவர்கள் பின்னர் சொன்னார்கள்: தனக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கமாக இருக்க வேண்டும்.

1962 செப்டம்பர் 4. செனயன் மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்தியா பந்தைத் தொட்டாலே கூச்சல். கூட்டத்தில் இந்தியாவுக்குக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்பது இன்றும் நெகிழ்ச்சியோடு நினைக்கப்படுகிறது. 17ஆவது நிமிடத்தில் பி.கே. கோல். 20ஆவது நிமிடத்தில் தலையில் கட்டோடு ஆடிய ஜர்னைல் கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜும் பின்களத்தில் அருண் கோஷ், திரிலோக் சிங், சந்திரசேகர் ஆகியோரும் விடவில்லை. இந்தியா 2, தென்கொரியா 1.

முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே அணியை இறுதியில் வீழ்த்தி தங்கம். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து வாங்கிய கடைசித் தங்கமும் அதுவே.

ஒன்பது மாதம்தான்

ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். ஜகார்த்தா வெற்றிக்கு ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ஹைதராபாத்தில் காலமானார். வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கியதே 1985இல்தான்.

அவர் வளர்த்த பிள்ளைகள் கொஞ்ச காலம் தாங்கினார்கள். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அப்போது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்களில் பி.கே. பானர்ஜியும் ஒருவர். அதற்குப் பிறகு சரிவு. 1960க்குப் பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை. உலகத் தரவரிசையிலும் இன்று நூறுக்கும் கீழே.

அவர் ஒருத்தர் போனதுதான் காரணமா?

அப்படிச் சொல்வது வசதியான பதில், முழுப் பதில் இல்லை. ஜப்பானும் தென்கொரியாவும் பின்னாளில் தொழில்முறை லீக், இளையோர் பயிற்சி, பயிற்சியாளர் படிப்பு என்று அடித்தளம் போட்டன. இந்தியாவில் அந்த அறிவு ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவர் போனதும் அதுவும் போய்விட்டது. ஹைதராபாத்தில் அவர் நடத்திய சிறுவர் போட்டிகள் நாடு முழுக்கப் பரவியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அதைச் செய்ய யாரும் இல்லை.

இன்று ரசிகர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் பதினொரு பேரைப் பற்றித்தான். அவரை எடு, இவரைத் தூக்கு. ரஹீமும் அந்தச் சண்டையில் அடி வாங்கியவர்தான். ஆனால் அவருடைய பதினொரு பேர் தேர்வு நாளன்று தயாரானவர்கள் இல்லை. சைக்கிள் வாடகை கொடுத்து வரவழைத்த காலத்திலிருந்தே தயாரானவர்கள். யாருக்கு எந்த இடம் வரும் என்று பல வருஷம் பார்த்துவைத்திருந்ததால்தான், தலையில் தையல் போட்ட டிஃபென்டரை முன்களத்தில் இறக்கும் தைரியம் அவருக்கு வந்தது.

ஆகவே, அடுத்த முறை டீக்கடையில் அணித் தேர்வு பற்றிப் பேச்சு வந்தால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம். ஜவ்வாது மலையில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் ஒரு பெண்ணையோ பையனையோ இன்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? அவர்கள் மைதானத்துக்கு வர பஸ் காசை யார் கொடுக்கிறார்கள்? பத்து வருஷம் கழித்து வரப்போகும் இந்திய அணியின் தேர்வு அங்கேதான் நடக்கிறது.